க்னோமா, கறுவாவா, எலியா? பழைய கணினிக்கு லினக்ஸ் முகம் தேடியபோது

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. அந்த மாதம் முடிவதற்குள் மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் விறாந்தைக்கு மூன்று கணினிகள் வந்து சேர்ந்துவிட்டன. ஒன்று, காத்தான்குடியில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் நானாவின் மேசைக்கணினி: மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், கடகடவென்று சத்தம் போடும் பழைய ஹார்ட் டிஸ்க். அடுத்தது உயர்தரம் படிக்கும் அக்கா மகளின் லெப்டொப்: ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி. கடைசியாக அப்பாவின் 2 ஜிபி நெட்புக். விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். மூன்றையும் அது வாசலிலேயே நிறுத்திவிட்டது.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவோம் என்று முடிவெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்த டெஸ்க்டொப் என்பதில்தான் இரண்டு வாரம் போனது. விண்டோஸில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, கம்பனி தருவதுதான் முகம். லினக்ஸில் அடியில் ஓடும் இயந்திரம் வேறு, மேலே தெரியும் முகம் வேறு. மெனு எங்கே இருக்கும், திறந்த ஜன்னல்கள் எங்கே வரிசையாக நிற்கும், ஃபைல் திறக்கும் பெட்டி எது, வை-ஃபை அடையாளம் எந்த மூலையில் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் கூட்டத்துக்குத்தான் டெஸ்க்டொப் சூழல் என்று பெயர். க்னோம், கேடிஇ பிளாஸ்மா, சினமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி என்று ஆறு பேர் முன்வரிசையில் நிற்கிறார்கள். எதைப் போட்டாலும் ஃபயர்ஃபொக்ஸ் அதே ஃபயர்ஃபொக்ஸ்தான், லிப்ரே ஒஃபிஸ் அதே லிப்ரே ஒஃபிஸ்தான்.

யாரைக் கேட்டாலும் முதலில் ராம் கணக்கைத்தான் சொல்வார்கள். பழைய மெஷின் என்றால் எக்ஸ்எஃப்சிஇ, புதுசு என்றால் க்னோம். இது முழுப் பொய்யும் இல்லை. கணினியைத் திறந்து ஒன்றும் செய்யாமல் விட்டுப் பார்த்தால் எல்எக்ஸ்கியூடி எல்லாரையும்விடக் குறைவாகச் சாப்பிடும். எக்ஸ்எஃப்சிஇயும் மாத்தேயும் அதற்கு அடுத்தபடி. சினமனும் பிளாஸ்மாவும் ஏறத்தாழ 1 ஜிபிக்கு வந்துவிடும். க்னோம் அதற்கும் கொஞ்சம் மேலே. ஆனால் கணினியைத் திறந்து ஒன்றும் செய்யாமல் யார் விடுகிறார்கள்? நானாவின் கடையில் காலையில் முதலில் திறப்பது பிரவுசர். வாட்ஸ்அப் வெப் ஒரு டாப், ஈமெயில் ஒரு டாப், யாராவது பிள்ளையின் பெறுபேறு பார்க்கப் பரீட்சைத் திணைக்களப் பக்கம் ஒரு டாப். எக்ஸ்எஃப்சிஇ போட்டு மிச்சம் பிடித்த சில நூறு எம்பியை அந்த மூன்று டாப்பும் ஒரே வாயில் விழுங்கிவிடும்.

ஆகவே என் கணக்கு இப்படி: 4 ஜிபிக்குக் கீழே ராமைப் பார்க்காமல் இருக்க ஏலாது. 8 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால் அதை மறந்துவிடலாம். 4 ஜிபியில் நிற்பவர்கள் டெஸ்க்டொப்பைப் பற்றி யோசிக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டில்லாத வேகமான டிஸ்க், போட வேண்டும். டவுனில் ஒரு கடையில் நானாவிடம் "ராம் கூட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் அதைக் கேட்கவில்லை. மாரி காலத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் அந்தக் கணினி எழுந்து உட்காருவதற்குள் அடையாள அட்டைப் பிரதி எடுக்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். எஸ்எஸ்டி போட்ட அன்றே அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அதை எந்த டெஸ்க்டொப்பும் செய்திருக்காது.

சரி, ராம் இல்லையென்றால் எதை வைத்துத் தெரிவு செய்வது? நான் கையை வைத்துத்தான் தெரிவு செய்தேன். கணினிக்கு முன்னால் உட்காருபவரின் கை யோசிக்காமல் எந்த மூலைக்குப் போகிறது, தமிழ் அடிக்க எந்தப் பொத்தானைத் தேடுகிறது என்று பார்த்தேன். மூன்று பேரையும் ஒவ்வொரு டெஸ்க்டொப்பிலும் அரை மணி நேரம் உட்கார வைத்து, நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருந்தேன்.

க்னோமில் தொடங்கினோம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் பதிந்தால் வருவது இதுதான். 1997இல் தொடங்கிய திட்டம், ஆனால் இன்றைய முகம் 2011இல் வந்த க்னோம் 3இலிருந்து தொடங்குகிறது. அந்த ஆண்டு கீழ்ப்பட்டை, மெனு எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டார்கள். விண்டோஸ் பொத்தானை அழுத்தினால் திறந்த ஜன்னல்கள் எல்லாம் சுருங்கி ஒரே பார்வையில் தெரியும், தேட வேண்டியதை அங்கேயே அடிக்கலாம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் வருவதுபோல் கலப்பில்லாத க்னோம் என்றால் ஜன்னலைச் சுருக்கும் பொத்தான்கூடக் கிடையாது, மேசையில் ஐகனும் வைக்க முடியாது. உபுண்டு இடது பக்கம் ஒரு பட்டையும் அந்தப் பொத்தான்களும் சேர்த்துத்தான் தருகிறது.

மருமகள் உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே "மாமா, இது போன் மாதிரி இரிக்கு" என்றாள். அவளுக்குக் கணினிக்கு முன்பே போன் பழகிவிட்டது. ஐகன் குவியலைப் பார்த்துத் தேடுவதும், இரண்டு எழுத்து அடித்துத் திறப்பதும் அவளுக்குப் புதிதில்லை. நானாவோ இடது கீழ் மூலையில் மவுஸை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அங்கே அவருக்கு ஒன்றும் வரவில்லை. "தம்பி, இது யாருக்கோ செஞ்சது, நமக்கில்ல" என்று எழும்பிவிட்டார். ஒரே டெஸ்க்டொப்தான், ஒரே கணினிதான்.

க்னோமில் எனக்குப் பிடித்த ஒன்று தமிழ்த் தட்டச்சு. செட்டிங்ஸில் கீபோர்ட் பக்கத்துக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் முடிந்தது. மொழி மாற்ற விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸும். விண்டோஸ் 10இலும் அதே இரண்டு பொத்தான்கள் என்பதால் பழைய கைக்குப் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி மொழி வைக்கவும் முடியும்: கட்டுரை ஜன்னலில் தமிழ், தேடும் ஜன்னலில் ஆங்கிலம். பிடிக்காததும் உண்டு. தலைப்புப் பட்டைகள் தடிப்பானவை. 1366க்கு 768 திரை உள்ள லெப்டொப்பில் உயரமே குறைவு, அதில் ஒரு பங்கைப் பட்டையே பிடித்துக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் போட்டு வேண்டியபடி திருத்தலாம்தான், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும்போது அவற்றில் ஒன்றிரண்டு படுத்துவிடும்.

க்னோம் 3 வந்த அந்த 2011இல் பழைய முகம் வேண்டும் என்று நின்றவர்கள் இரண்டு வழியில் பிரிந்தார்கள். பழைய க்னோம் 2இன் நிரலை அப்படியே எடுத்துத் தொடர்ந்தது மாத்தே. தென்னமெரிக்காவில் குடிக்கும் ஒரு மூலிகைத் தேநீரின் பெயர் அது. மின்ட் என்ற லினக்ஸ் வகையைச் செய்கிறவர்கள் புது க்னோமின் அடித்தளத்தை வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பழைய மாதிரி கட்டத் தொடங்கினார்கள். அதுதான் சினமன். சினமன் என்றால் கறுவா. நம் நாட்டுச் சரக்கின் பெயரை யாரோ அயர்லாந்திலிருந்து வைத்திருக்கிறார்கள், நாமோ அதைத் தேநீருக்குள் போடுவதோடு நிற்கிறோம்.

விண்டோஸ் 7 அல்லது 10 பழகிய கையைச் சினமனுக்கு முன்னால் உட்கார வைத்தால் ஒன்றுமே சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இடது கீழ் மூலையில் மெனு, கீழே பட்டை, வலது கீழே மணிக்கூடு. நானாவின் மவுஸ் போன இடத்தில் மெனு திறந்தது, அவரும் முகம் மலர்ந்தார். 8 ஜிபி ராமும் நடுத்தர வயதுக் கையும் உள்ள யார் கேட்டாலும், மறுயோசனை இல்லாமல் மின்ட் சினமன் என்றுதான் சொல்வேன். மாத்தேயைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உறுதியானது, சத்தமில்லாதது, ஆனால் எக்ஸ்எஃப்சிஇ பக்கத்தில் இருக்கும்போது அதைத் தெரிவு செய்ய எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பார்வை குறைந்தவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் ஓர்கா க்னோமிலும் மாத்தேயிலும் நன்றாக ஒத்துழைக்கும் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

இனி எலி. எக்ஸ்எஃப்சிஇயின் சின்னம் எலி. 1996இல் தொடங்கிய இந்தத் திட்டம் ஓடுவதில்லை, நடந்துதான் போகிறது: 4.18 வந்தது 2022 டிசம்பரில், 4.20 வந்தது 2024 டிசம்பரில். ஒரு கடைக்கு இதைவிட நல்ல குணம் வேண்டுமா? இன்று பழகிய இடத்தில் நாளையும் மெனு இருக்கும். நானாவின் 4 ஜிபி கணினியில் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். மின்ட்காரர்கள் 2 ஜிபி குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் வசதி என்கிறார்கள். பிரவுசரோடு சேர்த்துப் பார்த்தால் அந்த 4தான் உண்மையான குறைந்தபட்சம்.

எக்ஸ்எஃப்சிஇயில் எல்லாவற்றையும் அசைக்கலாம், அதுவே அதன் வில்லங்கமும். மூன்றாம் நாள் நானாவிடமிருந்து அழைப்பு: "தம்பி, கீழ இருந்த கோடு காணாமப் போயிட்டு." யாரோ ஒரு வாடிக்கையாளரின் பிள்ளை வலது க்ளிக் செய்து பட்டையையே அழித்திருக்கிறது. திரும்ப வைத்து, பட்டையை அசையாமல் பூட்டும் தெரிவையும் போட்டேன். அடுத்த வாரம் வேறு கூத்து. கணினியை நிறுத்தும்போது வரும் சின்னப் பெட்டியின் அடியில் 'இந்த நிலையை அடுத்த முறைக்குச் சேமி' என்ற அர்த்தத்தில் ஒரு டிக் இருக்கும். நானா அதை ஒருநாள் அழுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் கணினி திறந்ததும், என்றோ ஒருவர் ஸ்கான் செய்துகொடுத்த அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கிடந்த ஃபோல்டர்கள் தானாகவே விரிந்து நின்றன. அடுத்தவரின் காகிதம் கடைக்கு வருகிறவர் கண்ணுக்கு முன்னால்! டிக்கை எடுத்து, சேமித்த நிலையையும் அழித்தேன். பொதுமக்கள் வந்துபோகும் கடையில் எக்ஸ்எஃப்சிஇ போடுகிறவர்கள் முதல் நாளே இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

தமிழ்த் தட்டச்சில்தான் நானாவின் கடையில் அதிக நேரம் போனது. எங்கள் பக்கத்தில் தட்டச்சுக் கைகள் மூன்று வகை: பாமினிக் கை, தமிழ்99 கை, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துத் தமிழாக்கும் கை. நானா பாமினி. பாமினி ஒரு எழுத்துரு வேலைதான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, திரையில் மட்டும் தமிழாகத் தெரியும். எழுத்துருவைப் பதிந்துவிட்டால் எந்த டெஸ்க்டொப்பிலும் லிப்ரே ஒஃபிஸில் அவர் பழையபடியே அடிக்கலாம். பழைய ஃபைல்களும் அப்படியே திறக்கும். ஆனால் இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பும்போது பாமினி செல்லாது, அங்கே யூனிகோட் வேண்டும். அதற்காகப் பல மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ்ஸும், அதற்கு விசை அமைப்புகளைத் தரும் எம்17என் தொகுப்பும் போட்டேன். தமிழ்99, ஒலிப்பு முறை இரண்டும் அதில் வருகின்றன. சிங்களமும் சேர்க்கலாம், கடைக்கு மூன்று மொழிப் படிவமும் வரும் என்பதால் அதுவும் தேவைப்பட்டது. மின்ட்டில் 'இன்புட் மெத்தட்' என்று இதற்குத் தனியே ஒரு கருவி இருக்கிறது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், எக்ஸ்எஃப்சிஇயில் விண்டோஸ் பொத்தான் மெனுவைத் திறக்கும். ஐபஸ்ஸும் மொழி மாற்ற அதே பொத்தானோடு ஸ்பேஸைக் கேட்கிறது. தமிழ் அடிக்கப் போனால் நடுவில் மெனு எட்டிப் பார்க்கும். மொழி மாற்றத்தைக் கன்ட்ரோல்-ஸ்பேஸுக்குக் கொண்டுபோனேன். லிப்ரே ஒஃபிஸின் கணக்குத்தாளான கால்க்கில் ஒரு நெடுவரிசை முழுவதையும் தெரிவு செய்யும் குறுக்குவழியும் அதே பொத்தான்கள்தான், ஆகவே அது போய்விட்டது. நானா அங்கே சீட்டுக் கணக்கு எழுதுகிறவர். இத்தனை வருடத்தில் அதை ஒருமுறையும் அழுத்தியதில்லை என்றார். நிம்மதி.

கேடிஇ பிளாஸ்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு, என் சொந்த லெப்டொப்பில் இருப்பது அதுதான். ஜெர்மனியில் ஒரு மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிச் இந்தத் திட்டத்தை அறிவித்தது 1996 ஒக்டோபர் 14இல். சரியாக 29 ஆண்டு கழித்து அதே திகதியில் விண்டோஸ் 10 ஓய்வு பெற்றது. பிளாஸ்மாவும் பார்வைக்கு விண்டோஸ் சாயல்தான், ஆனால் திருப்ப முடியாத ஆணி ஒன்றுகூட இதில் இல்லை. ஃபைல் திறக்கும் டொல்ஃபினில் எஃப்3 அழுத்தினால் ஜன்னல் இரண்டாகப் பிளந்து பக்கத்துக்குப் பக்கம் ஃபோல்டர் பார்க்கலாம். பென் டிரைவிலிருந்து படம் எடுக்கும்போது அருமை. கேடிஇ கனெக்ட் இன்னொரு பொக்கிஷம். போனும் கணினியும் ஒரே வை-ஃபையில் இருந்தால் படங்களை நேரே அனுப்பலாம், ஒரு எம்பி டேட்டாவும் செலவாகாது. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே படம் அனுப்பித் தரத்தையும் டேட்டாவையும் ஒன்றாக இழக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இதை மற்ற டெஸ்க்டொப்புகளிலும் பதியலாம்.

பிறகேன் மற்றவர்களுக்கு இதைப் போடவில்லை? செட்டிங்ஸ் பக்கங்கள் ஒரு காடு. கடவுச்சொல் கேட்காமல் நேரே உள்ளே போகும்படி வைத்தால், கே-வொலட் என்ற பெட்டி வை-ஃபைக்கோ பிரவுசருக்கோ என்று தனியே கடவுச்சொல் கேட்டு நிற்கும். தமிழிலும் ஒரு மாலை முழுவதும் தொலைத்தேன். 2024 பெப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6 இயல்பாகவே வேலண்ட் என்ற புதிய திரை முறையில் ஓடுகிறது. அதில் ஐபஸ் பதிந்தால் மட்டும் காணாது, செட்டிங்ஸில் 'விர்ச்சுவல் கீபோர்ட்' பக்கத்துக்குப் போய் ஐபஸ்ஸையோ அதே வேலை செய்யும் எஃப்சிடிஎக்ஸ் 5ஐயோ தெரிவு செய்ய வேண்டும். திரையில் தெரியும் விசைப்பலகை தேவையில்லாதவன் அந்தப் பக்கத்தை ஏன் திறக்கப் போகிறான்? நானும் திறக்கவில்லை. மருமகள் இப்படி மாட்டினால் என்னை அழைப்பாள், பரவாயில்லை. நானா அழைக்கும்போது எதிரில் ஐந்து பேர் நிற்பார்கள்.

அப்பாவின் நெட்புக்குக்கு லுபுண்டு, அதாவது எல்எக்ஸ்கியூடியோடு வரும் உபுண்டு. நல்ல வேளை அது 64-பிட். 32-பிட் கணினிகளுக்கு உபுண்டு குடும்பம் எப்போதோ கதவைச் சாத்திவிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வகையும் 2025 ஓகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கு நிறுவி தருவதில்லை. 2 ஜிபியில் எல்எக்ஸ்கியூடி தாராளமாக உட்காருகிறது, பிரவுசர்தான் உட்காருவதில்லை. இரண்டு டாப்புக்கு மேல் திறக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் பேப்பர் படிப்பதும் கடிதம் அடிப்பதும்தான் என்பதால் ஓடுகிறது.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வழி. ஒரு 32 ஜிபி பென் டிரைவில் வென்டொய் என்ற மென்பொருளைப் போட்டுவிட்டால், மின்ட், உபுண்டு, குபுண்டு (பிளாஸ்மாவோடு வரும் உபுண்டு) என்று இறக்கிய ஐஎஸ்ஓ நிறுவல் ஃபைல்களை அப்படியே அதற்குள் போட்டு, எது வேண்டுமோ அதைத் தெரிவு செய்து, கணினியில் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். மின்ட் ஒன்று 3 ஜிபியை ஒட்டி வரும், உபுண்டு 24.04 ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. இரவு டேட்டா இருக்கிறவர்கள் இரவில் இறக்குங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாமே மந்தமாகத்தான் இருக்கும், ஆகவே வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் கையை மட்டும் கவனியுங்கள்.

ஒரே கணினியில் இரண்டு டெஸ்க்டொப்பைப் பதிந்து, உள்ளே நுழையும் திரையில் மாற்றிக்கொள்ளவும் லினக்ஸ் விடும். விடுகிறதே என்று செய்யாதீர்கள். சினமன் இருந்த என் லெப்டொப்பில் மேலே பிளாஸ்மாவைப் பதிந்தேன். அப்புறம் ஃபைல் திறக்க இரண்டு, படம் பார்க்க இரண்டு, குறிப்பு எழுத இரண்டு என்று மெனு சந்தைக்கடையாகிவிட்டது. ஒன்றின் நிறம் மற்றதில் கசிந்து, சில ஜன்னல்களில் கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பதிந்தேன்.

மருமகளின் கணினி க்னோமில் நிற்கிறது. சினமனையும் காட்டினேன், "அது அப்பாமாரின் கணினி மாதிரி" என்று ஒதுக்கிவிட்டாள். நான் அப்பாமார் பக்கம் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. நானாவின் கடையில் எக்ஸ்எஃப்சிஇ. போன வாரம் அவர் இன்னொரு 4 ஜிபி ராம் வாங்கி வந்து, இனிச் சினமனுக்கு மாற்றலாமா என்று கேட்டார். ராமை மட்டும் போட்டுக் கொடுத்தேன். இடது கீழ் மூலை இரண்டிலும் ஒன்றுதான். மாற்றினால் கன்ட்ரோல்-ஸ்பேஸைத்தான் திரும்பவும் சொல்லிக் கொடுக்க வேண்டிவரும்.